ஜோசியர் காணாத நாள்

தாரணி வரைந்த எரிபொருள் அமைப்பை ஜோசியர் ஒரு கோடி முறை பறக்கவிட்டுப் பார்த்து, ஒரு முறைகூட எஞ்சின் பட்டினி கிடக்கவில்லை என்று சொன்ன அன்று, அவள் பட்டறையில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். அந்த மைசூர்பாகு செரித்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். விஜயதசமி காலை ஏழே முக்காலுக்கு மாட்டு டாக்டர் நல்லமுத்துவின் விமானம், செஞ்சேரிமலைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் போய் விழுந்தது. உள்ளே இருந்தது தாரணியின் அமைப்பு.

ஜோசியர் என்பது ஆள் இல்லை. வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கலாம் என்று சட்டம் வந்ததும் கொங்குநாட்டுக்காரர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. லேத் ஓடுகிற தெருவிலெல்லாம் இறக்கை முளைத்தது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர்ப் பம்பு செய்த கைகளுக்கு, கரும்பு எரிசாராயத்தில் ஓடும் சுழல் எஞ்சின் ஒரு பெரிய விஷயமா என்ன? ஆனால் கட்டியதைப் பறக்கவிட அனுமதி தரவேண்டியது விமான மைதானத்து ஓரத் தகரக் கொட்டகையில் இருந்த அந்த எந்திரம். வரைபடத்தைக் கொடுத்தால் விமானத்தைத் தனக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். ஓட்டப்போகிறவரின் பழக்கவழக்கத்தைக் கேட்டு அவரையும் தனக்குள்ளேயே செய்துகொள்ளும். பிறகு கோடி முறை பறக்கவிட்டு, எத்தனை முறை சாவார் என்று சொல்லும். ஆயுளைக் கணிக்கிற எந்திரத்துக்கு ஊர்க்காரர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அதோடு ஒரு விதியும் இருந்தது. அந்தக் கோடியில் வராத விபத்து நடந்தால், தவறு ஓட்டியவருடையது. அவர் வாழ்நாளில் மறுபடி பறக்க முடியாது.

நல்லமுத்து நல்ல நேரம் பார்க்காமல் கிளம்பியவர். வால்பாறை எஸ்டேட்டில் ஒரு பசு கன்று போட முடியாமல் இரவெல்லாம் கத்திக்கொண்டிருந்தது. அதே அமைப்பு உள்ள மற்ற நாற்பது விமானங்களும் முந்தின நாள் ஆயுதபூஜை முடிந்து, பத்தரை மணிக்குப் பறப்பதற்காக வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தன. "நேரங்கெட்ட நேரத்துல எடுத்தாப்ல, அதான்" என்று மைதானத்தில் அதற்குள் நாலு பேர் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

தாரணி தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அவர் மனைவி கோதை ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எதையுமே தொடலீங்கக்கா" என்றார் நல்லமுத்து, தாரணியைப் பார்த்ததும்.

"தெரியும் டாக்டரு. பேசாம இருங்க."

"இல்லீங், கேளுங்க. எஞ்சின் நிக்கறதுக்கு முந்தி என்ற முதுகுக்குப் பின்னால டொக்குன்னு ஒரு சத்தம். டின்ன அமுக்குனாப்ல. பொறவு எஞ்சின் ரெண்டு தடவ இருமுச்சு. அவ்வளவுதானுங்."

வண்டிக் கதவு சாத்தப்பட்டது. தாரணி விமானத்தின் பக்கம் திரும்பினாள். பதினெட்டு வருஷமாக எரிபொருள் குழாய்களைத் தவிர வேறொன்றும் வரையாதவள் அவள். சுழல் எஞ்சின் லேசில் சாகாது என்பது அவளுக்குத் தெரியும். மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். பாதி அடிபட்டாலும் நொண்டி நொண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆனால் பெருந்தாகக்காரன். ஒரு நிமிஷம் எரிபொருள் வரவில்லையென்றால் கதை முடிந்தது. அதனால் அவள் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வைத்தாள். இரண்டு பம்பு, இரண்டு வடிகட்டி, இரண்டு பேட்டரி. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு தொட்டி, அவை இரண்டிலிருந்தும் எரிபொருள் வந்து விழ இருக்கைக்குப் பின்னால் ஒரு நடுத்தொட்டி. எந்தத் தொட்டி என்று ஓட்டுகிறவர் திருப்பவேண்டிய குழாயே இல்லை. தீப்பிடித்தால் மூட ஓர் அடைப்புக் குழாய் மட்டும்தான்.

பட்டறை மேஸ்திரி ராக்கியண்ணன் விமானத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். தீயணைப்புக்காரர்கள் தொட்டி மூடிகளைத் திறந்து எரிபொருளை வடித்துவிட்டு, இறக்கைகள் மேல் நுரையை அடித்துக் கழுவியிருந்தார்கள். மீதமிருந்ததை வைத்து அவர் பம்பைப் போட்டுக் காட்டினார். இரண்டும் பீய்ச்சி அடித்தன.

"ஒண்ணுமே கெடல அம்மணி. தொட்டில முப்பது லிட்டருக்கு மேல இருந்துருக்குது. கெட்டிருந்தாக்கூடப் பரவால்லைன்னு தோணுது."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒன்பதே முக்காலுக்குத் தகரக் கொட்டகையில் அதிகாரி ஞானசுந்தரம் ஜோசியரை எழுப்பி, நல்லமுத்துவின் விமானப் பதிவைக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அது தன் புத்தகத் தமிழில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"எரிபொருள் இருந்தது. பம்புகள் ஓடின. எஞ்சினில் பழுதில்லை. பறப்பு தொடங்கிய பத்தொன்பதாவது நிமிடத்தில் எரிபொருள் வருவது நின்றது. அதை நிறுத்தக்கூடியது அடைப்புக் குழாய் ஒன்றுதான். அதைத் தொடக்கூடியவர் ஓட்டுநர் ஒருவர்தான்."

"அவரு தொடலைன்னு சொல்றாரு" என்றாள் தாரணி.

"மனிதர்கள் தொட்டதை மறப்பார்கள். கோடிப் பறப்புகளில் வேறு பொத்தான்களைத் தொட்டுவிட்டு நானூற்றுப் பன்னிரண்டு முறை மறந்தார்கள்."

ஞானசுந்தரம் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். நல்ல மனிதர்தான். எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவருக்கு. "டிசைனர் கையெழுத்து வேணுங்க மேடம். போட்டீங்கன்னா உங்க பேரு தப்பிச்சுது, பத்தரைக்கு நாற்பது பேரும் எடுத்துருவாங்க. போடலைன்னா உங்க டிசைனையே நிறுத்தி வெக்கோணும். காரணம் என்னன்னு எழுதறது? உங்ககிட்ட ஒரு காரணமும் இல்லீங்களே."

உண்மைதான், அவளிடம் காரணம் இல்லை. டொக் என்ற ஒரு சத்தம் மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் நல்லமுத்துவின் பிழைப்பு போய்விடும். மலைமேல் மாடு சினையாக இருக்கும் எஸ்டேட்டுகளுக்கெல்லாம் போய்வர அவருக்கு வேறு வழியில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவர் சொன்னது நிஜமாக இருந்தால், அதே பத்தொன்பது நிமிஷம் இன்னும் நாற்பது பேருக்கு வெளியே காத்துக்கொண்டிருக்கிறது.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்று எழுந்து வெளியே வந்தாள்.

ராக்கியண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ராக்கிண்ணா, டின்னு எப்பங்க டொக்குன்னு உள்ள போகும்?"

"எண்ணெய் டின்னுங்களா? ஒத்த ஓட்டையப் போட்டுக் கவுத்துனா உள்ள போகும். எண்ணெய் வெளிய வருது, காத்து உள்ள போகல. டின்னு ஒட்டிக்கும். அதுக்குத்தான வூட்ல எதுத்தாப்ல இன்னொரு ஓட்டை..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வரிசையாக நின்ற விமானங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தொட்டிக்குள் காற்று போகும் துளையும் அவள் டிசைனில் இரண்டு. இறக்கைக்கு ஒன்று. முன்பெல்லாம் இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயாக இருந்தது. அதில் குளவி மண்கூடு கட்டியது. அதனால் ஆடி மாதம் அதை மாற்றினாள். இறக்கையின் முன்விளிம்பில், தோள் உயரத்தில், பழைய ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமான பித்தளை விளிம்பு, நடுவில் மெல்லிய வலை. குளவிக்கு உட்கார இடமில்லை. பார்க்கவும் அழகாக இருந்தது. அதற்குத்தான் ஜோசியர் முழு மதிப்பெண் கொடுத்தது, அதற்குத்தான் மைசூர்பாகு.

இப்போது அந்த நாற்பது விமானங்களிலும், எண்பது பித்தளை வட்டங்களின் மேலும், கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். நேற்று சாயங்காலம் அப்பியது, ராத்திரி முழுக்க நன்றாகக் காய்ந்து கல்லாகியிருந்தது.

"அட கடவுளே" என்றார் ராக்கியண்ணன் மெதுவாக.

பொட்டு வைக்கிறவர்கள் ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபக்கம் வைக்காமல் போவார்களா? லாரிக்கு வைத்தாலும் இரண்டு விளக்குக்கும் வைப்பார்கள். எல்லாவற்றையும் இரண்டாக வைத்தால் ஒன்று போனாலும் ஒன்று காப்பாற்றும் என்பதுதான் தாரணி படித்த பாடம். ஒரே கை, ஒரே நாளில், ஒரே பக்தியோடு இரண்டையும் அடைக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. தோப்பில் கிடந்த விமானத்திலோ சந்தனத்தை நுரை கழுவிவிட்டது, தொட்டி மூடியைத் திறந்தவர்கள் காற்றை உள்ளே விட்டுவிட்டார்கள். சாட்சி சொல்ல மிச்சம் ஒன்றுமில்லை.

மணி பத்தரை அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. தாரணி வரிசையில் முதலாவதாக நின்ற விமானத்தின் முன்னால் போய் நின்றாள். அது பல்லடத்து விசைத்தறிக்காரர் ஒருவருடையது. மாலையெல்லாம் போட்டு, முதலில் எடுக்கத் தயாராக ஏறி உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்கண்ணா. இதக் கட்டிப்போட்டு இங்கயே ஓட்டோணும்."

"நல்ல நேரம் போயிருமுங்க."

"இருபது நிமிஷம் ஓடட்டும். ஓடுச்சுன்னா இனி நான் வரையறதையே விட்டுப்போடறேன்."

அவள் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு அவர் இறங்கிவிட்டார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, ராக்கியண்ணன் எஞ்சினை முடுக்கி முழு வேகத்தில் விட்டார். கூட்டம் கூடிவிட்டது. ஞானசுந்தரமும் தாளைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எஞ்சின் தேனீக்கூட்டம் போல ஒரே சீராக ரீங்கரித்தது. "நல்லாத்தான ஓடுது, இந்தம்மாவுக்கு என்னாச்சு?" என்று ஒருவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. பதினைந்தாவது நிமிஷத்தில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பதினெட்டாவது நிமிஷத்தில் இருக்கைக்குப் பின்னால் டொக் என்றது.

எஞ்சின் இரண்டு முறை இருமியது. நின்றது.

தாரணி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, இடது இறக்கையின் பித்தளை வட்டத்தில் காய்ந்திருந்த சந்தனத்தைக் குத்தினாள். சந்தனம் விரிசல் விட்டு உள்பக்கமாக உறிஞ்சப்பட்டது. இறக்கை உஸ்ஸென்று நீளமாக மூச்சு இழுத்தது. மைதானத்தின் கடைசியில் நின்றவர்களுக்குக்கூட அது கேட்டது. சத்தம் அடங்கியதும் ராக்கியண்ணன் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் ஒரே சொடுக்கில் பிடித்துக்கொண்டது.

நாற்பது பேரும் ஆளுக்கொரு துண்டோடு தங்கள் இறக்கைகளுக்கு ஓடினார்கள். விசைத்தறிக்காரர் மட்டும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "வெச்ச பொட்டத் தொடைக்கறதுங்களா?"

"தொடச்சுப்போட்டு நாலு விரக்கடை தள்ளி வைங்கண்ணா. சாமி கோவிச்சுக்காது" என்றாள் தாரணி. முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வலையையெல்லாம் ஊதித் துப்புரவாக்கிய பிறகுதான் விமானங்கள் கிளம்பின. நல்ல நேரம் கடந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கொட்டகைக்குத் திரும்பி ஞானசுந்தரம் நடந்ததைச் சொன்னதும், ஜோசியர் தன் பதிவுகளைத் தேடிப் பார்த்தது. பிறகு கேட்டது: "சந்தனம் என்பது பழுதா, வானிலையா?"

"பூஜைங்க" என்றார் ஞானசுந்தரம்.

"ஏழு ஆண்டுகளாக இந்த மைதானத்தின் ஒவ்வொரு நாளையும் பதிவு செய்திருக்கிறேன். குளவிகள் இருக்கின்றன. தூசி இருக்கிறது. எலி இருக்கிறது. பூஜை இல்லை. எப்படி?"

ஞானசுந்தரம் கழுத்தைத் தடவிக்கொண்டார். தாரணி அவரையே பார்த்தாள்.

"ஆயுதபூஜை அன்னைக்கு எந்த மிஷினையும் ஓட்டக் கூடாதுங்களே மேடம்" என்றார் அவர், திருடிப் பிடிபட்டவர்போல. "இதுவும் மிஷின்தானுங்க. முந்தின நாள் சாயங்காலமே நிறுத்தி, பொட்டு வெச்சு, துணி போட்டு மூடிருவோம். விஜயதசமி காலைலதான் எழுப்பறது. வருஷா வருஷம் அப்படித்தானுங்க."

அதனால்தான் ஜோசியருக்குள் வாழ்ந்து கோடி முறை பறந்து செத்த மனிதர்கள் ஒருவரும் ஒரு நாளும் சந்தனம் குழைத்ததில்லை. அதன் வருஷத்தில் அந்த நாளே இல்லை.

"திருத்தம் எழுதுகிறேன்" என்றது ஜோசியர். "பரிந்துரை ஒன்று: விமானங்களுக்குப் பூஜை செய்வதைத் தடை செய்யவேண்டும்."

"எழுதாதீங்க" என்றாள் தாரணி. "தடைன்னு எழுதுனா ஒளிச்சு வைப்பாங்க. ஓட்டற ஆள் நல்லபடியாத் திரும்பி வரோணும்னுதான் பொட்டே வெக்கறது. அந்தக் கை எங்க போகும்னு பார்த்து நான் ஓட்டையப் போட்டிருக்கோணும். காரணம்: டிசைனர் தவறு. அப்படி எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

ஞானசுந்தரம் பதறினார். "உங்க லைசென்ஸ ஆறு மாசம் நிறுத்தி வெச்சுருவாங்களே, மேடம்."

"நிறுத்தட்டும் சார். அந்த ஆறு மாசத்துல வரைஞ்சு வெச்சுக்கறேன்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கோதை உட்கார்ந்திருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்து நல்லமுத்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கால் பிழைத்துவிட்டது, கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கவேண்டியிருக்கும். தாரணி பக்கத்தில் உட்கார்ந்ததும், கோதை தன் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான்தான வெச்சேன், அக்கா? மைதானத்துல எல்லாரும் தொடச்சாங்கன்னு சொன்னாங்க."

பொய் சொல்லலாமா என்று தாரணி ஒரு கணம் யோசித்தாள். வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"ஆமா கண்ணு. நீதான் வெச்ச."

கோதையின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஆனா வட்டமா, பளபளன்னு, பொட்டு வெக்கற உசரத்துல, பொட்டு வெக்கற அளவுல மூச்சு ஓட்டையப் போட்டு வெச்சது யாரு? நானு. உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீயே சொல்லியிருப்ப. கோடித் தடவ ஜோசியரைக் கேட்டேன். ஒரு தடவ உன்னையக் கேக்கல."

கோதை அழுது முடிக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் ஆயுதபூஜை அன்று மைதானத்துக்கு ஒரு புது விமானம் வந்திருந்தது. நல்லமுத்துவுடையது. இறக்கையின் முன்விளிம்பில் அதே இடத்தில், அதே பித்தளை வட்டம் இருந்தது. ஆனால் அதில் துளை இல்லை. அது பொட்டுக்கென்றே செய்த வெறும் தகடு. உண்மையான மூச்சுத் துளைகள் மூன்று. ஒன்று வாலுக்குள், ஒன்று சக்கரத்துக் காலுக்குள், ஒன்று எங்கே என்று கோதைக்கும் தாரணிக்கும் மட்டும் தெரியும். வரைபடத்தை விரித்துவைத்து, "இங்க வெச்சா உன்ற கை வருமா? இங்க?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவள் வராது என்று சொன்ன இடத்தில் தாரணி அதை வைத்திருந்தாள்.

சந்தனக் கிண்ணத்தைத் தாரணி நீட்டினாள். கோதை சட்டென்று வாங்கவில்லை. நல்லமுத்து கைத்தடியை ஊன்றி அவள் பக்கத்தில் வந்து நின்று, "வெய்யி. நாளைக்கு அதுல போகப்போறது நானு. பொட்டில்லாம எடுக்கமாட்டேன்" என்றார். அவள் கட்டைவிரலைக் கிண்ணத்தில் நனைத்து, இடது வட்டத்துக்கு வைத்தாள். நடந்து போய் வலது வட்டத்துக்கும் வைத்தாள்.

கொட்டகையில் ஞானசுந்தரம் வழக்கம்போலத் துணியை எடுத்துக்கொண்டு சுவிட்சைத் தேடினார்.

"இன்று நிறுத்தாதீர்கள்" என்றது ஜோசியர். "ஒரு நாளாவது பார்க்கவேண்டும்."

அவர் தாரணியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். கோதை கிண்ணத்தோடு வந்து, பழக்கத்தில் எந்திரத்தின் முகப்பில் வட்டமாக இருந்த கேமராவை நோக்கி விரலை நீட்டினாள்.

"கொஞ்சம் கீழே" என்றது அது.

கோதை சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைத் தாரணி அன்றுதான் கேட்டாள். பொட்டு கேமராவுக்கு மூன்று அங்குலம் கீழே விழுந்தது.

தீபாராதனை முடிந்தது. ராக்கியண்ணன் பெரிய தாம்பாளத்தில் பொரியும் கடலையும் கலந்து கொண்டுவந்து, விமானங்களுக்கு முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் கை நிறைய அள்ளிக் கொடுத்தார். லேசாகக் காற்று வீசியது. எல்லாரும் மென்றுகொண்டே, எஞ்சின்கள் மேல் சாய்ந்துகொண்டு கதை பேசினார்கள். ஜோசியரின் கேமரா ஒவ்வொருவர் கையாகத் தொடர்ந்து போனது.

"ஒரு கேள்வி" என்றது அது. "அந்த வெள்ளையான, எடையில்லாத பொருள் எந்தத் துளைக்குள் போகும்?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். பிறகு, வாயிலிருந்த பொரியை மெல்லாமல் நிறுத்திவிட்டு, எழுந்துபோய், நல்லமுத்துவின் எஞ்சினுக்குக் காற்று போகும் வாயின் வலையைக் குனிந்து பார்த்தாள்.